செப்பாங்கிலிருந்து அதே காரில் வீடு திரும்ப வேண்டும்

பந்தயத் தடத்தில் கார் ஓட்டிப் பார்க்க விரும்பும் ஒருவருக்குச் சிங்கப்பூருக்குள் நிரந்தரமான தடம் எதுவும் இல்லை. 2008 முதல் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கும் மரினா பே தடம்கூட, பந்தயம் முடிந்து தடுப்புகளை அகற்றியதும் பேருந்தும் டாக்சியும் ஓடும் சாலையாகிவிடுகிறது. ஆகவே நாங்கள் மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறோம். விடிவதற்கு முன் துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓட்டி, பகலெல்லாம் தடத்தில் சுற்றிவிட்டு, இரவு அதே காரில் வீடு திரும்புவதைத்தான் இங்கே ‘ட்ராக் டே’ என்கிறோம். பந்தயக் காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு விமானத்தில் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் குறிப்பு தேவைப்படாது.

2024ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நான் இதற்கென ஒரு பழைய காரைத் தேடத் தொடங்கியபோது, நண்பர்கள் எல்லோரும் குதிரைத்திறனைப் பற்றியே பேசினார்கள். இரண்டு வாரம் நானும் அந்தப் பேச்சில் மயங்கியிருந்தேன். ஆனால் தடத்தில் இருபது சுற்று ஓடிய பிறகும் அந்த வண்டி நெடுஞ்சாலையில் மூவார் பாலத்தைத் தாண்டி, பாகோ ஓய்வுத்தலத்தைத் தாண்டி, என்னை வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தபோது, தேடவேண்டியது வேகமான வண்டியை அல்ல, சூட்டைத் தாங்கும் வண்டியை என்பது புரிந்தது.

முதலில் கணக்கு. பிற நாடுகளில் பழைய கார் என்றால் விலை மட்டுமே பேச்சு. இங்கே விலைப் பட்டியலில் தெரிவது பெரும்பாலும் வாகன உரிமைச் சான்றிதழின் (ஏலத்தில் எடுத்துப் பத்தாண்டுக்குக் கார் வைத்துக்கொள்ளும் உரிமை) மீதிக் காலம்தான். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுச் சான்றிதழ் 106,000 வெள்ளியையும் (சிங்கப்பூர் டாலர்), பெரியவற்றுக்கான ‘பி’ பிரிவு 150,001 வெள்ளியையும் தொட்ட பிறகு, புதிய காரைத் தடத்தில் வாட்டி எடுப்பதை நினைத்துப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை. பத்தாண்டு முடிந்து சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்ட கார்களே எனக்கு ஏற்றவை. அவற்றின் உரிமையாளர் புதுப்பிக்கும்போதே பார்ஃப் தள்ளுபடியை (பத்தாண்டுக்குள் காரைப் பதிவு நீக்கினால் திரும்பக் கிடைக்கும் பணம்) இழந்துவிட்டதால், சான்றிதழில் மீதமுள்ள மாதங்களின் மதிப்பைத் தவிர அந்தக் காரில் வேறு பெரிய மதிப்பு இல்லை. கேட்கும் விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் கிடைக்கும் ஆண்டுத் தேய்மானம் பத்தாயிரம் வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்த கார்களை ஒதுக்கினேன். ஐந்தாண்டுக்குப் பின் அவற்றை மறுபடி புதுப்பிக்க முடியாது, அழிப்புக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்று கூடிக்கொண்டே போய், பதினான்கு வயதுக்கு மேல் ஐம்பது விழுக்காட்டுக் கூடுதல் கட்டணம் நிற்கிறது. 1.6 லிட்டர் காருக்கு அது சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 வெள்ளி ஆகிறது. பத்தாண்டுக்கு மேற்பட்ட கார் ஆண்டுதோறும் வாகனச் சோதனைக்கும் போக வேண்டும். மாற்றியமைத்த கார்களிடமிருந்து என்னைக் காப்பாற்றியது இந்தச் சோதனைதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் முதலில் பார்த்தது அப்படி மாற்றியமைத்த ஒரு ஹோண்டா சிவிக். விற்றவர் பேனட்டைத் திறந்து ஒவ்வொரு பாகத்தின் விலையையும் சொன்னாரே தவிர, கடைசியாகக் கூலன்ட் மாற்றிய தேதி அவருக்கு நினைவில்லை. உயரம் குறைத்த ஸ்பிரிங்குகளும், கர்ஜிக்கும் புகைபோக்கியும் இருந்தன. ஆண்டுச் சோதனைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் பழைய புகைபோக்கியை மாட்டிக்கொண்டு போவதாகச் சிரித்தபடியே சொன்னார். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியில்லாத மாற்றங்களோடு ஓட்டுவதன் விளைவு இருக்கட்டும். வேறொருவரின் ஆசைக்காக வெட்டி ஒட்டப்பட்ட மின்கம்பிகளை நெடுஞ்சாலையோரத்தில் கைவிளக்கோடு தேடுவதற்கு எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது, மஸ்டா எம்எக்ஸ்-5. எடை குறைந்த, பின்சக்கர இயக்கம் கொண்ட, தடத்துக்கென்றே செய்தது போன்ற வண்டி. மனம் அதில்தான் ஒட்டிக்கொண்டது. ஆனால் நான் பார்த்தது தானியங்கி கியர் வண்டி, அத்துடன் தலைக்கவசம் அணிந்து உட்கார்ந்தால் என் தலை கூரையில் முட்டியது. திறந்த கார்களுக்குக் கவிழ்வுக் காப்புக் கம்பி கேட்கும் ஏற்பாட்டாளர்களும் உண்டு. இரண்டு லிட்டர் என்பதால் அது ‘பி’ பிரிவு வேறு. அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த பிறவியில் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

மூன்றாவதாகக் கிடைத்தது ஈசூனில் ஒரு மூத்தவர் வைத்திருந்த வெள்ளை நிற சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், இசட்சி31எஸ் வகை. 1.6 லிட்டர் எம்16ஏ என்ஜின், 125 குதிரைத்திறன், ஐந்து கியர் கைமுறை, எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால் அதை மாற்றும் செலவும் இல்லை. 2008 டிசம்பரில் பதிவான வண்டி. 2018இல் பத்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பெரியவர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக நுழைந்து, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலிருந்து வாகன விவரத் தாளை எடுத்துத் தந்தார். வண்டி இரண்டு கை மட்டுமே மாறியிருந்தது. பதினோர் ஆண்டு ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். அந்த டின்னைப் பார்த்ததும் பாதி முடிவு செய்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டின்தான் பின்னால் என்னை ஏமாற்றவும் செய்தது. பெரியவர் மீது அதில் குற்றமில்லை.

வீவக (அரசு அடுக்குமாடி வீடமைப்புக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்து வேலை பார்க்க அனுமதியில்லை. ஆனால் கைப்பேசி விளக்கோடு மண்டியிட்டுப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. வண்டி முழுவதும் குளிர்ந்திருக்கும்போதே வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லி, பேனட்டைத் தொட்டுப் பார்த்த பிறகே என்ஜினைப் போடச் சொன்னேன். முதல் இரண்டு நொடியில் சங்கிலி சலசலக்கிறதா, புகை நீலமாக வருகிறதா என்பதைச் சூடேறிய என்ஜினிடம் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்து டயர்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். இந்த வண்டியில் ‘2319’ என்றிருந்தது, அதாவது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து வயதான டயர் பார்வைக்குத் தடிமனாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஆகவே டயர் விலையை மனத்துக்குள் கழித்துக்கொண்டேன். நான் உண்மையில் தேடியது தேய்மானத்தின் வடிவத்தை. செப்பாங் வலஞ்சுழியாக ஓடும் தடம், ஆகவே அங்கே அடிக்கடி போன வண்டியில் இடது முன் டயரின் வெளித்தோள் மற்ற மூன்றையும்விடச் சொரசொரப்பாக, அரம் கொண்டு ராவியது போல் இருக்கும். இந்த வண்டியில் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே விரலை விட்டு பிரேக் டிஸ்க்கின் விளிம்பைத் தடவினேன். சிறு உதடு போல் ஒரு மேடு தட்டுப்பட்டது. கடும் சூட்டின் அடையாளமான நீலம் பாயவில்லை, மயிரிழை வெடிப்பும் இல்லை. தடத்தையே பார்த்திராத வண்டி.

ஓட்டிப் பார்க்கும்போது நான் வேகமாக ஓட்டவில்லை. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது உரசுகிறதா என்று பத்துமுறை பார்த்தேன். பிறகு நான்காவது கியரில் குறைந்த வேகத்தில் முழுமையாக மிதித்து, என்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறாமல் கிளட்ச் நழுவுகிறதா என்று கவனித்தேன். குளிரூட்டியை முழு வேகத்தில் போட்டு வைத்து, நெரிசலில் நின்று, வெப்பமானியின் முள் நகர்கிறதா என்று பார்த்தேன். தடத்தில் குளிரூட்டியை அணைத்துவிடுவோம் என்றாலும் திரும்பும் வழியில் அது இல்லாமல் முடியாது.

பெரியவர் சம்மதத்தோடு, என் செலவில், காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஜோகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருபவர். எதையும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தார்: 195, 190, 195, 190 பிஎஸ்ஐ. எண் பெரியதாக இருப்பதைவிட நான்கும் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதுதான் முக்கியம். லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ்களைக் கம்பியால் நெம்பிக் காட்டினார். இரண்டிலும் ரப்பர் பிளந்திருந்தது. டிரைவ் ஷாஃப்ட் உறைகளில் கிழிசல் இல்லை. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் எண்ணெய்க் கசிவு இல்லை. அடிப்பாகத்தில் பற்றவைத்த தடமோ புதுச் சாயமோ இல்லை.

“புஷ் மாத்தணும், தம்பி. பிரேக் ஆயில் எப்ப மாத்துனாங்க?” என்றார்.

“போன வருஷம் மாத்துனதுக்கு ரசீது இருக்குண்ணே. பேனட்டுக்குள்ள இருக்குற ஆயில் டப்பாவிலயும் தெளிவா இருக்கு” என்றேன்.

“டப்பாவுல பாக்காதீங்க. சக்கரத்துகிட்ட ஒரு சொட்டு எடுத்துப் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். ரசீதுதான் இருக்கிறதே என்று நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

42,000 வெள்ளிக்கு முடிந்தது. மீதமிருந்த நான்கரை ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 9,300க்குச் சற்று மேல். டயர் நான்கு, புஷ், முன்பக்கத்துக்குச் சூடு தாங்கும் பிரேக் பேட், என்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்தைத் தாண்டியது. குதிரைத்திறனைக் கூட்ட ஒரு காசும் செலவழிக்கவில்லை. நல்ல பேடுக்கு 250 வெள்ளி கொடுத்த நான், நூறு வெள்ளிக்குள் முடிந்திருக்கும் பிரேக் ஆயில் மாற்றத்தை மிச்சம் பிடித்தேன்.

எல்லை கடக்கும் சடங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வில்லை உரிமையாளரின் பெயரோடு சேர்ந்தது என்பதால், கார் கைமாறியதும் புதிதாகப் பதிய வேண்டும். அங்கே வெளிநாட்டு வண்டிகளுக்கு ரான் 95 ரகப் பெட்ரோல் விற்கக்கூடாது, ரான் 97தான் போட முடியும். தடத்தில் ஓடும்போது பெட்ரோல் குடிக்கும் வேகத்தைப் பார்த்தால் அது சிறு செலவல்ல. நம் வழக்கமான காப்பீடு தடத்துக்குள் செல்லாது. அங்கே வண்டிக்கு எது நேர்ந்தாலும் அது நம் பணம். சிவப்புத் தகடு போட்ட வார இறுதிக் கார் வைத்திருப்பவர்கள், வேலை நாளில் காலை ஏழுக்கு முன் கிளம்பி மாலை ஏழுக்குப் பின் நுழைந்தால் போதும் என்பதால், எங்கள் நேர ஒழுங்குக்கு அது இயல்பாகவே பொருந்திவிடுகிறது.

செப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளம், பதினைந்து வளைவுகள். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் ஓடிய தடத்தில் 125 குதிரைத்திறன் வண்டியோடு நுழையும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நேர்க்கோட்டில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். வளைவுகளில் சிலரை நான் எட்டிப் பிடித்தேன் என்று எழுத ஆசைதான்; முதல் நாள் அப்படி எதுவும் நடக்கவில்லை. பார்வையாளர் அரங்கின் இரு பக்கமும் நீண்ட இரண்டு நேர்ச்சாலைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் கடும் பிரேக். பகல் பதினொரு மணி வெயிலில் அந்த இரண்டு இடமும் சேர்ந்து பிரேக்குக்கு மூச்சுவிடக்கூட அவகாசம் தருவதில்லை.

இரண்டாவது முறை தடத்துக்குள் சென்றபோது, ஐந்தாம் சுற்றில், பின் நேர்ச்சாலையில் 170ஐத் தொட்டு, பதினைந்தாம் வளைவுக்காக பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் பாதி தூரம் எதிர்ப்பே இல்லாமல், ஈர மணலுக்குள் போவது போல் இறங்கியது. காலை எடுத்து மறுபடி மறுபடி மிதித்தேன். மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. கியரை இறக்கி, வளைவை மிக அகலமாக எடுத்து, தடத்தை விட்டு வெளியே போகாமல் தப்பித்தேன். கையை ஆட்டிச் சைகை காட்டியபடி மெதுவாகத் தடத்தோரம் வண்டி நிறுத்தும் ‘பிட்’ பகுதிக்கு வந்தேன். கை பிரேக்கை இழுக்காமல் கியரில் நிறுத்தினேன். சூடான டிஸ்க்கைப் பேட் இறுக்கிப் பிடித்திருந்தால் அந்த இடம் மட்டும் ஆறாமல் கெட்டுவிடும்.

பேட் சூடேறிப் பிடிப்பு இழந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. பெடலே இறங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது என்று பொருள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அந்தத் தரம் வைத்திருக்கும் எல்லை 155 பாகை மட்டுமே. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் கால்பலமெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும்.

பக்கத்து கொட்டகையில் இருந்த மலாய் நண்பர் ஒருவர் இரண்டு புட்டி டாட் 4 ஆயிலும், ஒரு ரப்பர் குழாயும் கொடுத்து உதவினார். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கூட வந்திருந்த மைத்துனரை உள்ளே உட்காரவைத்தேன். “மிதிங்க மாமா… அப்படியே பிடிங்க… இப்ப விடுங்க” என்று நான் கீழிருந்து சொல்லச் சொல்ல, அவர் மிதித்துப் பிடித்திருக்கும்போது சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பரின் சிறு திருகைக் கால் சுற்று திறந்து, அவர் விடுவதற்கு முன் மூடிக்கொண்டே வந்தேன். பின் இடதில் தொடங்கி முன் வலதில் முடித்தேன். குழாயில் முதலில் வந்தது குமிழோடு கலந்த, பால் இல்லாத கறுப்புக் காப்பியான கோப்பி-ஓ நிறம். மேலே டப்பாவில் இருந்ததோ வெளிர் தேநீர் நிறம். அப்போதுதான் விளங்கியது: ரசீது எழுதிய பட்டறை, டப்பாவிலிருந்த பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, முழு மாற்றத்துக்கும் பணம் வாங்கியிருக்கிறது. காலிப்பரில் இருந்தது எத்தனை ஆண்டு ஆயில் என்று யாருக்குத் தெரியும். பெரியவரும் அந்த ரசீதை நம்பித்தான் டின்னில் வைத்திருந்தார்.

தெளிவான ஆயில் வரும்வரை நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டர் போனது. பெடல் மேலே வந்து கல்லாக நின்றது. பிற்பகலில் மழை கொட்டி தடம் ஒரு மணி நேரம் மூடப்பட்டது. அதன் பிறகு எட்டுச் சுற்று ஓட்டினேன். இப்போது நான்கு சுற்று ஓடினால் ஒரு சுற்று மெதுவாகச் சென்று ஆறவிடும் வழக்கத்தோடு. கிளம்பும் முன் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கினோம், பாகோவில் நின்றபோது மறுபடி சரிபார்த்தோம். இரவு பதினொன்றரைக்கு வீடு.

மறுநாள் மெக்கானிக் அண்ணனுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். “கீழ வந்தது என்ன கலரு?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “ம்” என்றார்.

அதன்பின் மூன்று முறை போய்வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முந்தைய வார இறுதியில் அண்ணனின் பட்டறையிலேயே நானே ஆயிலை மாற்றுகிறேன். அவர் பெடல் மிதிக்கிறார். மற்றபடி வண்டி எதுவும் கேட்கவில்லை. இடது முன் டயரின் வெளித்தோள் மட்டும் இப்போது அரம் ராவியது போல் ஆகிவிட்டது. வலப்பக்க டயரோடு இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். அடுத்த பயணத்துக்கு முன் முன்பக்கம் இரண்டும் புதிதாக வாங்க வேண்டும்.